முதுகில் காது வைக்கிற கிளியம்மாள்

கிளியம்மாள் வீட்டில் மருந்து குடித்துவிட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் நோய் நம்மைத் திரும்ப அங்கேயே கூட்டி வந்துவிடுமாம். கும்பிடக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு போகிற சொந்தக்காரர் மாதிரி விடுவிடுவென்று நடந்துவிட வேண்டும். குணமாகிவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. குணமாகவில்லை என்றால் மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கணக்கு டீச்சர், எனக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. குணமாகிப் போனவர்கள் யாரும் திரும்பி வராத வீட்டில், கண்ணில் படுகிறவர்கள் எல்லாரும் குணமாகாதவர்கள்தான். இத்தனை வருஷமாக ஒரு மனுஷி ஞாயிறு தவறாமல் ஊருக்கெல்லாம் மருந்து காய்ச்சுகிறாள். அது குணமாக்கியது என்று ஒருவர் வாயாலும் அவள் கேட்டதில்லை. "வரலன்னா நல்லா கீறாங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொள்வாளாம். எப்படித்தான் தாங்கினாளோ, எனக்குத் தெரியாது.

சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் ஏரிக்கரைக்குக் கீழே இறங்கினால் அவள் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை, அவ்வளவுதான். பின்பக்கம் தண்ணீர் வரைக்கும் ஆடாதோடைச் செடி வேலியாக நிற்கும். ஆடுகூட வாய் வைக்காத கசப்பு அந்த இலைக்கு. டிசம்பர் மாதம் விடியும்போது ஏரியிலிருந்து பனி எழுந்து அந்த வேலியைத் தாண்டி வாசலுக்கு வரும். இந்தப் பக்கம் அடுப்பிலிருந்து கஷாய ஆவி எழும்பும். எது பனி எது ஆவி என்று தெரியாத அந்த வெள்ளைக்குள் பத்துப் பதினைந்து பேர் செங்கல்மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும். முதல் நாள் அங்கே போய் நின்றபோது, நான் இன்னும் தூக்கத்திலிருந்தே எழவில்லை என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால், கனவில் ஒரு தடவை போய்விட்டு வந்த ஊர் மாதிரிதான் இருக்கிறது.

என் பெயர் மெட்டில்டா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாய் நீளம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்டினுக்கு மறைமலை நகரில் கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள் ஜென்சி. 2010இல் அவளுக்கு ஏழு வயது. பனி இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிக்கும். வீசிங். வாயில் வைத்து மருந்தை உள்ளே இழுக்கிற பஃப் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் இரண்டு, ராத்திரியில் இரண்டு, ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பஃபைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. 'ஒரு தடவை பழகிவிட்டால் சாகிற வரைக்கும் விடாது' என்று சர்ச்சில் யாரோ சொன்னது மனசில் உட்கார்ந்துவிட்டது. நாளைக்குக் கட்டிக்கொடுக்கிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்று ஏழு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான். படித்தவள் வேறு!

ஒரு நாள் ஜென்சிக்கு இழுப்பு அதிகமாகி, கேம்ப் ரோடு ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஓட்டியவர் பெயர் சிட்டிபாபு. கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "டீச்சர், எங்க தெருவுல கிளியம்மாள்னு ஒரு அம்மா கீது. மூச்சுக்கு இலை குடுக்கும். எங்க அக்காவுக்கு அங்கதான் நின்னுச்சு. ஒரு தபா காட்டிப் பாருங்களேன்" என்றார்.

"மந்திரம் கிந்திரம் சொன்னா எழுந்து வந்துடு" என்று சொல்லித்தான் ஆஸ்டின் அனுப்பினார். நானும் வேப்பிலையும் உடுக்கையுமாக யாரோ ஒருத்தியை எதிர்பார்த்துப் போனேன். பார்த்தால், எங்கள் பள்ளிக்கூட ஆயா மாதிரி நாற்பது வயதில் ஒல்லியாக ஒரு பெண்பிள்ளை. வாரத்தில் ஆறு நாள் நாவலூரில் ஒரு ஐ.டி. ஆபீசில் கண்ணாடி துடைக்கிற வேலையாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது.

மந்திரம் ஒன்றும் இல்லை. ஜென்சியைச் செங்கல்மேல் முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். முந்தானையால் தன் காதைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் தோள்பட்டைக்குக் கீழே அந்தக் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உடனே அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இருமலை அடக்கிக்கொண்டார்கள். அப்போது பார்த்து ஏர்ஃபோர்ஸ் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பித் தலைக்கு மேலே வந்தது. கிளியம்மாள் காதை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். விமானம் போகிற வரைக்கும் எல்லாரும் அப்படியே காத்திருந்தோம். சத்தம் தேய்ந்து தேய்ந்து வண்டலூர்ப் பக்கம் கரைந்து போனது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் என் பிள்ளையின் மூச்சு எனக்கே கேட்டது.

"கீச்சு மேலதான் கீது. இலைக்குக் கேக்கும்" என்றாள் அவள், கண்ணைத் திறந்து.

ஆடாதோடை இலையை நடு நரம்பு கிழித்துப் போட்டு, திப்பிலியும் மிளகும் தட்டிச் சேர்த்து, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றுகிற வரைக்கும் காய்ச்சிய கஷாயம் அது. பிள்ளைகளுக்கு அதில் பாதி, பனங்கற்கண்டு போட்டு. கூடவே அனலில் வாட்டிப் பிழிந்த கற்பூரவல்லிச் சாறு ஒரு சங்கு. வீட்டில் தினம் தூதுவளை ரசம் வைத்துக் கொடுக்கச் சொன்னாள். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"டாக்டர் மருந்து குடுத்துகினு கீறீங்களா, டீச்சரம்மா?"

"கொடுக்கிறேன்." அன்றைக்கு அது உண்மை.

"அத்த நிறுத்திடாதீங்க. இலை கூட நடந்து வர்ற ஆளு மாதிரி. தூக்கிகினு போற ஆளு இல்ல."

மூன்று ஞாயிறு போனோம். ஜென்சி தூங்கினாள். ஐயோ, அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வேன்! பூனைக்குட்டிச் சத்தம் இல்லாத இரவு எங்கள் வீட்டுக்கே புதுசு. வாசலில் தொங்கிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்து அசையும். நானும் ஆஸ்டினும் விளக்கைப் போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த மயக்கத்தில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நட்சத்திரம் வந்த அட்டைப்பெட்டி பீரோ மேலே காலியாகக் கிடந்தது. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் பஃபை எடுத்து அதற்குள் போட்டு மூடினேன். ஆஸ்டினிடம் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறும் கிளியம்மாள் மறக்காமல் கேட்டாள். "டாக்டர் மருந்து நடக்குதா?"

"கொடுக்கிறேன் அக்கா" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். காப்பி அடிக்கிற பிள்ளையை முப்பது அடி தள்ளி நின்று பிடிக்கிறவள் நான். பொய் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போகி அன்றைக்கு விடியற்காலை ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்தியது. பனியும் புகையும் சேர்ந்து தெருவே காணாமல் போயிருந்தது. ஜென்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கீச்சுச் சத்தம் இல்லை. கழுத்துக் குழி மட்டும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. ஆஸ்டின் ஷிஃப்டில் இருந்தார். பெட்டியைக் கிழித்துப் பஃபை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அதை இழுக்கக்கூட அவளிடம் மூச்சு இல்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடியிருக்க வேண்டும்? ஓடவில்லை. டாக்டர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிட்டிபாபு ஆட்டோவில் ஏரிக்கரைக்குப் போனேன். இதை எழுதும்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

கிளியம்மாள் கம்பெனி வேனுக்குக் கிளம்பி, யூனிஃபார்ம் சேலையில் நின்றிருந்தாள். ஜென்சியின் முதுகில் காதை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் ஏரிக்கரை மேலே ஓடினாள். புகைக்குள் அவள் சேலை முதலில் மறைந்தது, அப்புறம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னாலேயே ஓடினேன்.

"இது இலைக்கு அடங்காது! சிட்டிபாபு, எங்கயும் நிக்காத, ஆஸ்பத்திரிக்கு உடு!" என்று கத்திக்கொண்டே பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் குடுத்ததுல எதனா தப்பாயிடுச்சா, டீச்சரம்மா?"

இல்லை அக்கா, தப்பு என்னுடையது. இத்தனைதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சிட்டிபாபு வண்டியைக் கிளப்பிவிட்டார். என்னால் சொல்லியிருக்க முடியும். தலையை வெளியே நீட்டிக் கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் திட்டவே இல்லை. "பஃபை நிறுத்தி எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். இருபத்தேழு நாள் என்றேன். "நாட்டு மருந்து கொடுத்தேன், அதனாலயா டாக்டர்?" என்று நானே கேட்டேன், அப்படியாவது பழி கொஞ்சம் வேறு பக்கம் போகாதா என்று. "அதனால இல்லைம்மா. இதை நிறுத்தினதாலதான்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். நாலு நாள் ஆக்சிஜன். ஐந்தாம் நாள் ஜென்சி இட்லி கேட்டாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டு அழுதேன்.

அதற்கப்புறம் நான் கிளியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. குணமானவர்கள் போகக் கூடாது என்பதுதானே வழக்கம்? எனக்கு எவ்வளவு வசதியான வழக்கம் பாருங்கள்! யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேம்ப் ரோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஏறுவதை விட்டேன். மாடம்பாக்கத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் தலைவலி வந்துவிடும். ஜென்சிக்கு இரண்டு வேளையும் என் கையாலேயே பஃப் கொடுத்தேன். அவள் வளர்ந்தாள், டாக்டர் பார்த்துப் பார்த்து மருந்தைக் குறைத்தார், சர்ச் கொயரில் மூச்சுப் பிடித்துப் பாடுகிற அளவுக்கு ஆனாள். படித்து முடித்து நாவலூரிலேயே வேலையும் கிடைத்தது. பதினாலு வருஷம் போனது. விடியற்காலைகளில் மட்டும் அந்த வெள்ளைப் புகைக்குள் வெறுங்காலோடு ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எழுந்து போய் ஜென்சி அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

போன டிசம்பரில் ஸ்டேஷன் வாசலில் ஃபோனில் ஆட்டோ புக் பண்ணி ஏறினேன். ஓட்டியவர் ஒன்வேயில் எதிர்ப்பக்கமாகப் புகுந்தார். நான் சும்மா இருப்பேனா? ரூல்ஸ் எல்லாம் யாருக்குப் போட்டிருக்கு, படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் இப்படியே பண்ணா எப்படி என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தார். "மெட்டில்டா டீச்சர்தானே? திட்டறத வெச்சே கண்டுபுடிச்சிட்டேன்." தலை முழுக்க நரைத்த சிட்டிபாபு.

நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அவரும் ரோட்டைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். மேம்பாலம் ஏறி இறங்கினோம். அப்போது என் ஃபோன் அடித்தது. "வண்டியில இருக்கேன் ஜென்சி. பத்து நிமிஷத்துல வந்துடுவேன். நீ சாப்டுடி" என்றேன்.

வண்டி நின்றது. நடு ரோட்டில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, சிட்டிபாபு திரும்பி உட்கார்ந்தார்.

"யாரு டீச்சர், ஜென்சி? அந்தப் பாப்பாவா?"

"ஆமா. ஏன்?"

அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "எப்பா சாமி! நல்லா கீதா பாப்பா? நான் கேக்கவே பயந்துகினு கீறேன் டீச்சர். உங்கள ரெண்டு தபா மார்க்கெட்ல பாத்து ஒதுங்கிட்டேன். வூட்ல ஒரு ஆள் கொறஞ்சிருந்தா இன்னான்னு கேக்கறது? அந்த அம்மா இன்னிக்கும் கேக்குது. டீச்சர் பொண்ணு இன்னாச்சுன்னு. அன்னிலேந்து கொயந்தைங்களுக்கு அது இலை குடுக்கறதில்ல, தெரியுமா? பெரியவங்களுக்குக் குடுக்கும். கொயந்தையத் தூக்கிகினு யார் வந்தாலும் வாசல்லயே வெச்சி அனுப்பிடும். 'என் கையால ஒண்ணு போயிருச்சு'ன்னு சொல்லும்."

வீடு வந்து சேருகிற வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். கிளியம்மாளைப் பற்றி அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி திரிசூலம் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. உத்திரமேரூர்ப் பக்கம் ஆட்டுக்கும் மனுஷருக்கும் சேர்த்து மருந்து கொடுத்த அவள் மாமனார், ஆடாதோடைக் குச்சி நாலு வெட்டிக் கொண்டுவந்து ஏரி ஓரம் நட்டுவிட்டுப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகிற வழக்கத்தையும் அவர்தான் சொல்லி வைத்தார். புருஷனால் படுக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கண் அசருவார். இவள் பின்னால் உட்கார்ந்து முதுகில் காதை வைத்துக்கொண்டே எட்டு வருஷம் தூங்கினாள். எந்தச் சத்தத்துக்கு இலை கேட்கும், எதற்குக் கேட்காது என்பது அப்படித்தான் அவள் காதுக்குப் பழகியது. கடைசியில் ஒரு நாள் சத்தமே இல்லாத ஒரு இழுப்பு வந்தது. அதோடு அவர் போய்விட்டார். போகி அன்றைக்கு ஜென்சி முதுகில் அவள் கேட்டது அந்தச் சத்தமில்லாததைத்தான்.

அன்று சாயங்காலம் ஜென்சியை உட்கார வைத்துச் சொன்னேன். நட்சத்திரப் பெட்டி, பொய், ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டு வந்தது, எல்லாம். பஃபை நான்தான் நிறுத்தினேன் என்பது ஆஸ்டினுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"நான் உயிரோட இருக்கேன்னு ஒருத்தர்கிட்ட சொல்ல உனக்குப் பதினாலு வருஷமாம்மா?" என்றாள் ஜென்சி. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சண்டே போறோம்" என்று எழுந்து போனாள்.

அதே பனி. ஏரி இருக்கிற இடம் தெரியவில்லை, தண்ணீர்க் கோழி எங்கேயோ உள்ளேயிருந்து கூப்பிட்டது. செங்கல்லுக்குப் பக்கத்தில் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூல் புதுசாக வந்திருந்தது. மற்றபடி அந்த இருமல்கள், அந்தக் கசப்பு வாசனை, தரையில் தவழ்ந்து வருகிற வெள்ளை, எல்லாம் அப்படியே இருந்தன. பதினாலு வருஷத்தையும் நான்தான் கனவு கண்டேனோ என்று ஒரு நொடி தோன்றியது. முன்னால் ஒரு சின்னப் பெண் தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கொயந்தைக்கு நான் குடுக்கறதில்லம்மா. போ, டாக்டராண்ட காட்டு. என்னைப் பேஜார் பண்ணாத" என்ற குரல் அடுப்புப் பக்கமிருந்து வந்தது. கிளியம்மாளுக்கு முன்தலை நரைத்திருந்தது. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்க அவளுக்குப் பயம். வகுப்பில் எழுபது பேரை அடக்குகிற நான் ஜென்சியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஜென்சி எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே போனாள். ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து, கூந்தலை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டினாள்.

கிளியம்மாள் முந்தானையால் காதைத் துடைத்தாள். குனிந்து, அந்த இருபத்தோரு வயசு முதுகில், தோள்பட்டைக்குக் கீழே காதை வைத்தாள். எல்லாரும் இருமலை அடக்கினார்கள். அப்போது ஏர்ஃபோர்ஸ் பக்கமிருந்து விமானம் ஒன்று எழும்பியது. அவள் கையை உயர்த்தினாள். பனிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், அது எங்களைக் கடந்து போனது. அது போன பிறகும் அவள் காதை எடுக்கவில்லை. வெகுநேரம் எடுக்கவில்லை. அவள் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி ஜென்சியின் சுடிதார் நனைவதை நான் பார்த்தேன்.

"அக்கா" என்றேன். "உங்க இலை ஒண்ணும் பண்ணலை. நான்தான் பஃபை நிறுத்திட்டேன். நீங்க கேட்டப்போ கொடுக்கிறேன்னு பொய் சொன்னேன். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார், இலையால இல்லைன்னு. எனக்கு அன்னிலேந்து தெரியும்."

கிளியம்மாள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷமும் அவள் என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சிகினே வூட்ல உக்காந்துகினு இருந்தியா? எத்தினி கொயந்தைய நான் வாசல்லேந்து தொரத்தினேன் தெரியுமா உனக்கு? நாவலூர்ல எந்தப் பொண்ணு லிஃப்ட்ல ஏறினாலும், அது இருந்திருந்தா இந்த வயசு இருக்கும்னு எண்ணிகினே கண்ணாடி தொடைச்சேன்டி! நீயெல்லாம் டீச்சரா?"

நான் குனிந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

ஜென்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்கதான் ஆன்ட்டி வேலை செய்யறேன். நாவலூர்லதான். ஏழு மாசமா."

கிளியம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, வாசலில் இன்னும் போகாமல் நின்றிருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து, "இன்னா நின்னுகினு கீற? கொயந்தைய இப்படிக் கொண்டா" என்றாள். குழந்தையின் குட்டி முதுகில் காதை வைத்தாள். கேட்டு முடித்து எழுந்து, என் பக்கம் கையை நீட்டினாள்.

"தோ, நீ கேளு அவள. டாக்டர் மருந்து நடக்குதான்னு. பொய் சொல்றவ மூஞ்சி எப்படி இருக்கும்னு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும். இனிமேட்டு ஞாயித்துக்கெயம அது உன் வேலை."

பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் "கொடுக்கிறேங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நட்சத்திரப் பெட்டியின் கதையை அவளுக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் பையைத் திறந்து டாக்டர் சீட்டைக் காட்டினாள். மூன்று நாளாக மருந்தை நிறுத்தியிருப்பதாகச் சொன்னாள்.

கிளம்பும்போது வழக்கப்படி நான் பேசாமல் திரும்பி நடந்தேன். "ஏய், பொண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "சொல்லிகினு போ." ஜென்சி திரும்பி நின்று, அந்த வாசலில் யாரும் சொல்லாததைச் சொன்னாள். "போயிட்டு வரேன் ஆன்ட்டி." செங்கல்மேல் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் மெதுவாகச் சொன்னேன். எனக்குக் கிளியம்மாள் பதில் சொல்லவில்லை.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறேன். முதல் ஆராதனை முடிந்ததும் நேரே அங்கேதான். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பிள்ளையோடு வருகிற ஒவ்வொரு அம்மாவையும் கேட்கிறேன். என் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கிளியம்மாள் என்னோடு பேசுவதில்லை. இலை கிழிக்கிற தட்டை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவாள். கிளம்பும்போது ஒவ்வொரு வாரமும் "போயிட்டு வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிறும் சொன்னேன். பனி விலகி ஏரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது. நாலு எட்டு நடந்திருப்பேன்.

"எட்டு மணிக்கு மேல வந்தா இன்னா பிரயோசனம்?" என்றாள் கிளியம்மாள், அடுப்பைப் பார்த்தபடியே. "அடுத்த வாரம் வெள்ளன வா."